வெளியேறிய நேரம்

மணிமுத்தாறு செக்போஸ்ட் நோட்டில்
ஆறு கட்டம்.
பெயர் தவசிக்கனி. வயது நாற்பத்தொன்று.
ஊர் என்ற இடத்தில் பேனா நின்றது.
பின்னால் ஆள் காத்திருந்ததால்
விக்கிரமசிங்கபுரம் என்று எழுதினேன்.
வந்த நோக்கம்: மரம்.
'நடுததுக்கா?' என்றார் கார்டு.
'இல்ல சார், எடுக்குததுக்கு.'
அந்தச் சொல்லை அவர்
இரண்டு தடவை அடித்து எழுதினார்.

ஜீப்பில் டிரைவரோடு எட்டு பேர்.
பாளையங்கோட்டைக் கல்லூரிப் பிள்ளைகள் நாலு,
மேலப்பாளையத்தில் பைக் ஸ்பேர் கடை வைத்திருக்கும் மசூது,
பல் டாக்டர் கிளாடிஸ், அவள் மடியில்
எலுமிச்சஞ்சோற்றுத் தூக்கு,
அட்டைக்கு உப்புப் பொட்டலம்.
ஏழாவது கொண்டை ஊசியில்
ஒரு பிள்ளை வாந்தி எடுத்தாள்.
எனக்கு இந்தத் திருப்பமெல்லாம்
தூக்கத்திலேயே தெரியும்.
சொல்லவில்லை.

குடைமரம் என்போம்.
காப்பிக்கு நிழல் என்று கம்பெனி
எந்தச் சீமையிலிருந்தோ இறக்கியது.
காப்பி போயிற்று, ஏலம் வந்தது,
ஏலம் போயிற்று, தேயிலை வந்தது,
குத்தகை முடிந்து கம்பெனியும் போயிற்று.
லயத்தில் இருந்த எங்களை
பீரோவோடும் கோழிக்கூண்டோடும்
லாரியில் இறக்கினார்கள்.
நிழல் மட்டும்
ஒரு தாளிலும் கையெழுத்துப் போடாமல்
சோலைக்குள் நடந்துவிட்டது.
எங்கள் அய்யா நட்டதும் இதில் இருக்கலாம்.
நாள்கூலிக்கு நட்ட மரத்தில்
யார் பேர் எழுதுகிறார்கள்.

வெட்டக் கூடாது.
வெட்டினால் அடியிலிருந்து பத்தாய்க் கிளம்பும்.
இரண்டு சாண் அகலத்துக்குப் பட்டையைச்
சுற்றி உரிக்க வேண்டும், வெள்ளை தெரிய.
பச்சையாய் ஒரு நூல் விட்டாலும்
அதைப் பிடித்துக்கொண்டு பிழைத்துவிடும்.
கிளாடிஸ் நெற்றியில் டார்ச் கட்டி
அந்த நூலைத் தேடினாள்.
'வேர் சிகிச்சை' என்றாள்.
சிரித்தோம். மசூது சிரிக்கும்போதுதான்
அவன் கழுத்தில் அட்டையைப் பார்த்தோம்.

கன்று பிடுங்குவது எனக்கு.
காவலர் பூதத்தான் காணிக்கு இருபத்துநாலு வயசு,
ஒரு காதில் இயர்போன்.
'ஓரத்துல ரம்பப்பல் இருந்தா பிடுங்குங்க,
வழுவழுன்னு இருந்தா விடுங்க'
என்றதோடு சரி.
மழை குடித்த மண்; இழுத்தால்
ஆணிவேர் முனகிக்கொண்டு வரும்.
முந்நூற்று நாற்பது வரை எண்ணினேன்.
இரண்டு தடவை வெடிப்பலாக் கன்றைப் பிடுங்கிவிட்டு
யாரும் பார்க்குமுன் திரும்ப ஊன்றினேன்.
கொழுந்து கிள்ளிய கை.
எடை போடாத வேலை அதற்குப் புதிது.

சோற்றுக்கு உட்கார்ந்தபோது
இருவாச்சி வந்தது.
முதலில் சத்தம், கிழவன் எகத்தாளமாய்ச் சிரிப்பதுபோல்.
பிறகு இறக்கை.
காலையில் நாங்கள் உரித்த மரத்திலேயே உட்கார்ந்தது.
மரத்துக்கு இன்னும் சேதி எட்டவில்லை,
கறுத்த பழத்தைக் கொத்துக்கொத்தாய்
நீட்டிக்கொண்டு நின்றது.
பறவை ஒன்றைக் கிள்ளி, மேலே எறிந்து,
தொண்டையில் வாங்கியது.
நாங்கள் யாரும் மெல்லவில்லை.
நாலு பழம் கழித்துக்
கக்கிய கொட்டை ஒன்று
தூக்கு மூடியில் விழுந்து ணங் என்றது.

'அது இனி என்னத்தத் திங்கும்?' என்றான் மசூது.
கிளாடிஸ் சோற்றைப் பார்த்தாள்.
பூதத்தான் இயர்போனை எடுத்துவிட்டு
'அத்தி இருக்கு' என்றான்.
கொஞ்சம் கழித்து,
'தூரம்' என்றான்.
மசூது அந்தக் கொட்டையைத் துடைத்துச்
சட்டைப்பையில் போட்டுக்கொண்டான்,
திருடியவன்போல.

நாலு மணிக்குள் இறங்கியாக வேண்டும்.
செக்போஸ்ட்டில் ஷூவைத் தட்டச் சொன்னார்கள்,
விதை ஒட்டியிருக்குமாம்.
குச்சியால் நோண்டினேன்.
கறுப்பு மண். மலை மண்.
அதையும் அங்கேயே விட்டுவிட வேண்டும்.

நோட்டில் கடைசிக் கட்டம்:
வெளியேறிய நேரம்.
போன தடவை இதை
எங்களுக்காக வேறு யாரோ நிரப்பினார்கள்.
நாலு பத்து என்று
நானே எழுதினேன்.

ஜீப் கிளம்பியும்
மசூது பையைத் துழாவிக்கொண்டிருந்தான்.
விரல் மறுபக்கம் வெளியே வந்தது.
ஓட்டை.